எஸ்.ஏ.டி. ஸ்கோரை அனுப்புவதா, விடுவதா? அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வீட்டில் நடக்கும் சண்டைக்கு ஒரு தீர்வு

அக்டோபர் பிறந்தால் என் போனுக்கு வரும் செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "அக்கா, பையனுக்கு எஸ்.ஏ.டி.யில் 1390 வந்திருக்கு. அனுப்பலாமா, வேண்டாமா?" ஆங்கிலத்துக்கு 800, கணக்குக்கு 800, மொத்தம் 1600-க்கு நடக்கும் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு அது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் அப்பாக்கள் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேட்கிறான். போன வருஷம் என் மகள் விண்ணப்பித்தாள் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி கிடையாது. ஆனால் அந்த மூன்று மாதமும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பதினோரு கல்லூரிக்கும் தனித்தனியாக இதே கேள்வியைப் போட்டு உடைத்திருக்கிறோம்.

அதில் தெரிந்துகொண்டது இதுதான்: "1390 நல்ல ஸ்கோரா?" என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. எந்தக் கல்லூரிக்கு, எந்தத் துறைக்கு, எப்படிப்பட்ட பள்ளியிலிருந்து போகும் 1390 என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். ஒரே பையன், ஒரே வாரத்தில், ஒரு கல்லூரிக்கு அனுப்பலாம், அடுத்ததுக்கு அனுப்பாமல் விடலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. பெற்றோர்கள் செய்யும் தப்பு, ஒரே முடிவாக எடுத்து எல்லாக் கல்லூரிக்கும் அதையே ஒட்டுவதுதான்.

## முதலில் விதியைப் பாருங்கள்

பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் பல கல்லூரிகள் உங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையே கொடுப்பதில்லை.

ஸ்கோரைக் கட்டாயமாகக் கேட்பவை ஒரு வகை. 2020-ல் கொரோனா வந்து தேர்வு மையங்கள் மூடியபோது ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் கட்டாயத்தை எடுத்துவிட்டன. எம்.ஐ.டி. 2022 மார்ச்சில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே எந்தத் துறையில் சேர்ந்தாலும் கால்குலஸும் இயற்பியலும் படித்தே ஆகவேண்டும், அதைத் தாங்குவார்களா என்று கணக்கு ஸ்கோர் இல்லாமல் சொல்ல முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 2024-ல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், கார்னெல், ஸ்டான்ஃபோர்ட் என்று வரிசையாக அறிவித்தார்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமும் அதே வருஷம்தான். 2025-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். பர்டூ, ஜார்ஜியா டெக், ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். யேல் மட்டும் கொஞ்சம் வளைந்து கொடுத்தது: எஸ்.ஏ.டி., அதற்குப் போட்டியான ஏ.சி.டி., பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்து எழுதும் ஏ.பி., ஐ.பி. தேர்வுகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் ஸ்கோர் வேண்டும் என்றது.

பார்க்கவே மாட்டோம் என்பவை இன்னொரு வகை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ எல்லாம் அடங்கிய கலிபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது நம்மவர்கள் 'யு.சி.' என்பது, 2021-லிருந்து இப்படித்தான். கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகமும் 2022-ல் அதே முடிவுக்கு வந்தது. இவர்களிடம் 1600 இருந்தாலும் சேர்க்கைக்குப் பயன்படாது. சேர்ந்த பிறகு எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்பது மாதிரியான காரியங்களுக்கு வேண்டுமானால் எடுத்துப் பார்ப்பார்கள்.

மீதி எல்லாம் நடுவில். விருப்பம் இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் விடு, 'டெஸ்ட் ஆப்ஷனல்'. இது கொரோனா கொண்டுவந்த சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். மெயின் மாநிலத்தின் போடின் கல்லூரி 1969-லேயே இதை ஆரம்பித்துவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகம் 2018-ல் சேர்ந்தது. கொலம்பியா 2023-ல் இதை நிரந்தரமாக்குவதாக அறிவித்தது.

விதி வருஷா வருஷம் மாறுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் போன வருஷம் என்ன செய்தான் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கல்லூரியின் பக்கத்துக்கே போய், உங்கள் பிள்ளை சேரப்போகும் வருஷத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இனி நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த நடு வகைக்குத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

நடு வரம்பு. பெரும்பாலான கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்று ஓர் ஆவணம் வெளியிடும். கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும், பைசா செலவில்லை. அதில் சி9 என்ற இடத்துக்குப் போனால், சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் அனுப்பினார்கள், அவர்களில் 25-வது சதமானமும் 75-வது சதமானமும் எவ்வளவு என்று இருக்கும். கால்வாசிப் பேர் முதல் எண்ணுக்குக் கீழே, கால்வாசிப் பேர் இரண்டாவதுக்கு மேலே; இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் நடு வரம்பு. பெற்றோர்கள் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு சதவீதத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு கல்லூரியின் நடு வரம்பு 2019-ல் 1330 முதல் 1500 வரை இருந்தது, இப்போது 1430 முதல் 1540 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் திடீரென்று புத்திசாலியாகிவிட்டார்களா? இல்லை. அனுப்பியவர்கள் நாற்பது சதவீதம்தான். குறைந்த ஸ்கோர் எடுத்தவர்கள் அனுப்பாமல் விட்டார்கள், அதனால் மிஞ்சியவர்களின் வரம்பு ஏறிவிட்டது. அதைப் பார்த்து அடுத்த வருஷம் 1440 எடுத்தவனும் பயந்து விடுகிறான், வரம்பு இன்னும் ஏறுகிறது. ஆகவே கொரோனாவுக்கு முந்தைய வருஷத்தின் ஆவணத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த வகுப்பறையில் உண்மையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அது கிட்டத்தில் வரும்.

அதே ஆவணத்தில் சி7 என்று ஒரு கட்டம் உண்டு. பள்ளி மார்க், கட்டுரை, சிபாரிசுக் கடிதம், தேர்வு ஸ்கோர் ஒவ்வொன்றுக்கும் தாங்கள் எவ்வளவு எடை கொடுக்கிறோம் என்று கல்லூரியே டிக் அடித்திருக்கும். ஸ்கோருக்கு 'மிக முக்கியம்' என்று போட்ட கல்லூரியும், 'பரிசீலிப்போம்' என்று மட்டும் போட்ட கல்லூரியும் வாசலில் ஒரே 'ஆப்ஷனல்' பலகையைத்தான் மாட்டியிருக்கும்.

துறை. இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசினஸ் என்றால் கணக்கு ஸ்கோரைத் தனியாகப் பார்ப்பார்கள். மொத்தம் ஒன்றாக இருந்தாலும் 770 கணக்கு, 640 ஆங்கிலம் வேறு. 640 கணக்கு, 770 ஆங்கிலம் வேறு.

பள்ளி. விண்ணப்பத்தோடு உங்கள் பள்ளியின் விவரக் குறிப்பும் போகிறது. பலவற்றில் பள்ளியின் சராசரி ஸ்கோரும் இருக்கும். மொத்த நாட்டில் 2024 வகுப்பின் சராசரி 1024. ஆனால் நியூ ஜெர்சியில் எங்கள் எடிசன் பக்கத்தில் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே பயிற்சிக்குப் போகிறார்கள். இங்கே 1390 என்பது கூட்டத்தில் ஒருவர். யாரும் கல்லூரிக்கே போகாத ஊரிலிருந்து வரும் 1390 கண்ணில் படும்.

பணம், நேரம். ஸ்காலர்ஷிப் உண்டா, மறுபடி எழுத எத்தனை சனிக்கிழமை போகும். இரண்டையும் கீழே ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன்.

## வழி ஒன்று: அனுப்புவது

நடு வரம்பின் பாதிக்கு மேலே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அனுப்புங்கள். 25-வது சதமானத்துக்கும் பாதிக்கும் நடுவில் இருந்தாலும் நான் அனுப்பச் சொல்வேன், துறைக்கு வேண்டிய பக்கம் வலுவாக இருந்தால். "பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் அனுப்பு" என்று கன்சல்டன்ட்கள் சொல்லும் வாய்ப்பாடு எனக்கு ஒப்புதல் இல்லை. மேலே சொன்ன ஏறிப்போன வரம்பை உண்மை என்று நம்பிப் போட்ட கணக்கு அது.

டார்ட்மத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்ததற்குக் காரணமே இதுதான். அவர்களுடைய பேராசிரியர்கள் நான்கு பேர் பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்து 1400-களில் எடுத்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள், அனுப்பியிருந்தால் இடம் கிடைக்க வாய்ப்பு கூடியிருக்கும் நிலையில், "குறைவு" என்று நினைத்து அனுப்பாமல் விட்டிருந்தார்கள். கல்லூரியின் சராசரியோடு ஒப்பிட்டது பிள்ளைகள். கல்லூரி ஒப்பிட்டது அவர்கள் பள்ளியின் சராசரியோடு. இதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர் சந்தோஷப்பட்டார். அவருக்கு நான் சொன்னது: அண்ணா, நீங்களும் அண்ணியும் ஐ.டி.யில், பையனுக்கு ஏழு ஏ.பி., பள்ளியில் பாதிப் பேர் 1400-க்கு மேல். அந்த ஆய்வு உங்கள் வீட்டைப் பற்றியது இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து நேராக விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் மார்ச் கடைசிக்குள் முடிவைச் சொல்லிவிடும், மே 1-க்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அதாவது அவர்கள் முடிவெடுக்கும் நாளில் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்க்கே இல்லை. பள்ளி தரும் எதிர்பார்ப்பு மார்க்கும், பத்தாம் வகுப்பு மார்க்கும்தான். 'எதிர்பார்ப்பு 96 சதவீதம்' என்று நம் பள்ளி எழுதித் தருவதை அயோவாவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்? அவருக்குப் பழக்கமான ஒரே அளவுகோல் எஸ்.ஏ.டி.தான். ஒன்றுவிட்ட தம்பிக்கு நான் அனுப்பிய பதிலும் இதுவே: நடு வரம்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் அனுப்பு. டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். மாதிரி ஆங்கிலத் தேர்வு தனிக்கணக்கு, இதைக் காட்டி அதை விட்டுவிடலாம் என்று நினைக்காதே.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. ஸ்கோர் உச்சத்தில் இருந்து பள்ளி மார்க் சுமாராக இருந்தால், படிக்கத் தெரிந்தும் நான்கு வருஷம் படிக்காதவன் என்று வாசிப்பார்கள். அப்படிப்பட்ட பையனை ஸ்கோர் காப்பாற்றும் என்று நம்பி அனுப்புகிறவர்கள் பலர், அது இரண்டு பக்கமும் வெட்டும். இன்னொன்று, பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பத்தில் நீங்களே டைப் செய்யும் ஸ்கோரை ஏற்றுக்கொண்டு, சேரும்போது மட்டும் அதிகாரபூர்வச் சான்று கேட்கும். சில முதலிலேயே கேட்கும். தேர்வு எழுதி ஒன்பது நாளுக்குள் சொன்னால் நான்கு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம், அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் காசு. ஸ்கோர் வருவதற்கு முன்னாலேயே அந்த நான்கையும் நிரப்பச் சொல்லி ஆசை காட்டும் இடம் அது. ஆப்ஷனல் கல்லூரிக்கு அந்த ஆசையில் விழாதீர்கள்; கட்டாயம் கேட்கும் கல்லூரிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஜார்ஜ்டவுன் மாதிரி இடம் என்றால், நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்ப முடியாது, எழுதிய எல்லாத் தேதியின் ஸ்கோரும் வேண்டும்.

## வழி இரண்டு: அனுப்பாமல் விடுவது

25-வது சதமானத்துக்குக் கீழே, பள்ளி மார்க் நன்றாக இருந்து, கட்டாயம் இல்லை என்றால் விடுவதுதான் சரி. சி7 கட்டத்தில் ஸ்கோருக்கு லேசான எடை மட்டுமே போட்டிருக்கும் சிறிய கலைக் கல்லூரிகள், ஓவியம், இசை, எழுத்து என்று கைவேலையைக் காட்டிச் சேரும் துறைகள், இங்கெல்லாம் தயங்காமல் விடலாம். பள்ளி மார்க்கின் சராசரியான ஜி.பி.ஏ. 4-க்கு 4.0, ஸ்கோர் 1180 என்றால், அந்த 1180 பள்ளி மார்க்கையே சந்தேகப்பட வைக்கும். அதைச் சொல்லிவிட்டு ஏன் விளக்கம் கொடுக்க வேண்டும்?

ஆனால் "அனுப்பாவிட்டால் அதற்காக எதிராக எண்ண மாட்டோம்" என்று கல்லூரிகள் சொல்வதை அதன் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. தண்டனை இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு சாட்சி குறைகிறது. மீதி சாட்சிகள், அதாவது மார்க், எடுத்த பாடங்களின் கடினம், ஆசிரியரின் கடிதம், இவை அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகம் 2024-ல் வெளியிட்ட கணக்கில், ஸ்கோரைப் பார்க்கச் சொன்னவர்களின் இடைநிலை 1420, பார்க்க வேண்டாம் என்றவர்களுடையது 1160. காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்ததும் அதிகாரியின் மனதில் என்ன எண் தோன்றும் என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன. உங்கள் பிள்ளையிடம் 1400 இருந்து நீங்கள் மறைத்தால், 1160-க்குக் கொடுக்கும் சந்தேகத்தை 1400-க்கு வாங்கிக்கொள்கிறீர்கள்.

விடுவதில் இருக்கும் செலவுகள் கண்ணில் படாதவை. ஒன்று ஸ்காலர்ஷிப். சேர்க்கைக்கு ஆப்ஷனல் என்று சொல்லும் அதே கல்லூரி, தகுதி உதவித்தொகைக்கு ஸ்கோர் கேட்கலாம். அலபாமா பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் ஸ்கோரும் ஜி.பி.ஏ.யும் போட்ட அட்டவணையே உண்டு, இன்ன கட்டத்தில் வந்தால் இவ்வளவு தள்ளுபடி என்று. ஃபுளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸ் உதவித்தொகைக்கும் ஸ்கோர் வேண்டும். ஹானர்ஸ் காலேஜ், நேரடி நர்சிங் சேர்க்கை போன்றவற்றையும் தனியாக விசாரியுங்கள். சேர்க்கைப் பக்கத்தில் ஒரு விதி, உதவித்தொகைப் பக்கத்தில் வேறு விதி இருக்கும். இரண்டு பக்கத்தையும் படிக்காமல் 'விடுவோம்' என்று முடிவெடுத்து, நான்கு வருஷ தள்ளுபடியைக் கோட்டைவிட்ட குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். பையனிடம் 1450 இருந்தது.

இரண்டாவது, கசிவு. சில பள்ளிகளின் மார்க் பட்டியலில் எஸ்.ஏ.டி. ஸ்கோரையும் சேர்த்து அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் விண்ணப்பத்தில் மறைத்தது அங்கே பல்லைக் காட்டும். விண்ணப்பத்தைக் கவனிக்கும் பள்ளிக் கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்டு, இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். என் மகளின் பட்டியலில் பத்தாவது படிக்கும்போது எழுதிய ஒரு முன்தேர்வின் ஸ்கோர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் தற்செயலாகப் பார்த்ததால் தப்பித்தோம்.

அப்புறம் வாட்ஸாப் குழுவில் வருஷா வருஷம் சுற்றும் அந்தப் பேச்சு: "இந்தியப் பெயரைப் பார்த்து ஸ்கோர் இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுவார்கள்." இனத்தை வைத்துச் சேர்க்கையில் எடை போடக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தப் பேச்சை வைத்து 1250-ஐ அனுப்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான். சி9-ஐ நம்புங்கள், ஃபார்வர்டை அல்ல.

## வழி மூன்று: மறுபடி எழுதுவது

நம் வீடுகளில் இயல்பாக வாய்க்கு வரும் பதில் இதுதான். "இன்னொரு தடவை எழுதேன்." சில சமயம் சரியான பதிலும்கூட, காரணம் சூப்பர்ஸ்கோர். பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் எழுதியவற்றில் சிறந்த ஆங்கிலத்தையும் சிறந்த கணக்கையும் எடுத்துக் கூட்டும். மார்ச்சில் ஆங்கிலம் 690, கணக்கு 720 என்றால் 1410. ஆகஸ்டில் ஆங்கிலம் 660, கணக்கு 780 என்றால் 1440. கூட்டிப் பார்த்தால் 1470. இரண்டாவது தடவை ஒரு பக்கம் இறங்கினாலும் கெட்டுப்போவதில்லை. அதனால் ஒரு பகுதியை மட்டும் குறிவைத்துப் படித்துவிட்டுப் போகலாம்.

தேர்வு இப்போது முழுக்க கம்ப்யூட்டரில், இரண்டு மணி பதினான்கு நிமிஷம். ஒவ்வொரு பகுதியும் இரண்டு பாகம். முதல் பாகத்தில் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பார்த்து இரண்டாவது பாகத்தின் கடினம் மாறும், முதல் பாகத்தில் தடுமாறினால் உச்ச ஸ்கோருக்குப் போகும் கதவு மூடிவிடும். கணக்குப் பகுதியில் திரையிலேயே டெஸ்மாஸ் கால்குலேட்டர் இருக்கிறது. அதைச் சரியாகப் பழகினால் ஒரு மாதத்தில் கணக்கு ஏறும். ஆங்கிலம் அப்படி ஏறாது, அது பத்து வருஷம் படித்த புத்தகங்களின் கணக்கு. ஆகவே குறைவு கணக்கில் இருந்தால் மறுபடி எழுதுங்கள், ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

எழுதுவதற்கு முன், தேர்வு நடத்துகிறவர்களே இலவசமாகத் தரும் புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வு இரண்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டிலும் பழைய ஸ்கோரைவிட ஐம்பது கூடினால் பணம் கட்டுங்கள். இருபது, முப்பது கூடுவது காற்றடிக்கும் வித்தியாசம். ஸ்கோர் அறிக்கையிலேயே ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரம்பு போட்டிருப்பார்கள், பெற்றோர் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கட்டணம் 68 டாலர். இந்தியாவில் எழுதினால் பகுதிக் கட்டணமும் சேர்ந்து நூறைத் தாண்டும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் விலக்கு உண்டு. ஆனால் உண்மையான செலவு அதில்லை, பன்னிரண்டாம் வகுப்பின் செப்டம்பரும் அக்டோபரும்தான். அந்த இரண்டு மாதத்தில் கட்டுரைகள் எழுத வேண்டும், பள்ளி மார்க் விழாமல் பார்க்க வேண்டும், பிள்ளை கொஞ்சம் தூங்கவும் வேண்டும். 1480-ஐ 1510 ஆக்க ஆறு சனிக்கிழமையைக் கொடுத்து, கட்டுரையைக் கடைசி ராத்திரியில் முடித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மோசமான பேரம். ஜூனியர் வருஷத்து, அதாவது பதினோராம் வகுப்பின், மார்ச்சிலும் ஜூனிலும் எழுதி முடித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆகஸ்டு. நவம்பர் 1 கெடுவுக்கு அக்டோபர்த் தேர்வு கடைசி என்று வையுங்கள், ஜனவரிக் கெடுவுக்கு டிசம்பர்.

வேகமாகப் படிக்கும் பிள்ளை, எஸ்.ஏ.டி.யில் மட்டும் சிக்குகிறது என்றால் ஏ.சி.டி. ஒருமுறை மாதிரி எழுதிப் பார்க்கட்டும். 2025-லிருந்து அதுவும் சுருங்கிவிட்டது, அறிவியல் பகுதி கட்டாயம் இல்லை. ஏ.சி.டி. 31 என்பது எஸ்.ஏ.டி. 1400-க்குச் சமம், 34 என்பது 1500-க்கு. கல்லூரிகள் இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்க்கின்றன.

## வழி நான்கு: எழுதாமலே இருப்பது

கலிபோர்னியாவில் இருந்து, யு.சி.யும் கலிபோர்னியா ஸ்டேட்டும் மட்டுமே பட்டியலில் இருந்தால் இது நல்ல முடிவு. பிள்ளைக்கு ஒரு கோடை மிச்சம். ஆனால் பட்டியல் மாறும். பே ஏரியாவில் இருக்கும் என் சித்தி மகள் "யு.சி. போதும்" என்று உறுதியாக இருந்தாள். ஜூலையில் பையனுக்கு ஜார்ஜியா டெக் மேல் ஆசை வந்தது. ஆகஸ்டுத் தேர்வுக்குப் பக்கத்தில் எங்கும் இடம் இல்லை, கடைசியில் மூன்று மணி நேரம் காரோட்டிப் போய், முந்தின ராத்திரி மோட்டலில் தங்கி எழுதினான். ஆகவே யு.சி. மட்டும்தான் என்றாலும் ஜூனியர் வருஷத்தில் ஒரே ஒரு தடவை, பெரிய தயாரிப்பு இல்லாமல், எழுதி வைத்துவிடுங்கள். வேண்டாம் என்றால் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

## ஒரு பார்வையில்

| நிலைமை | என் முடிவு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| நடு வரம்பின் பாதிக்கு மேல் | அனுப்பு | பள்ளி மார்க்கோடு பொருந்துகிறதா |
| 25-வது சதமானத்துக்கும் பாதிக்கும் நடுவில், துறைக்கான பகுதி வலு | அனுப்பு | 2020-க்கு முந்தைய வரம்பையும் பார் |
| அதே இடம், ஆனால் இன்ஜினியரிங்குக்குக் கணக்கு பலவீனம் | மறுபடி எழுது, இல்லை விடு | டெஸ்மாஸ் பழகினால் ஏறுமா |
| 25-வது சதமானத்துக்குக் கீழே, மார்க் உயர்வு | விடு | மார்க் பட்டியலில் ஸ்கோர் கசிகிறதா |
| தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பம் | பெரும்பாலும் அனுப்பு | ஆங்கிலத் தேர்வு தனி |
| ஸ்காலர்ஷிப் ஸ்கோரைக் கேட்கிறது | அனுப்பு | உதவித்தொகைப் பக்கத்தின் விதி, கெடு |
| யு.சி., கலிபோர்னியா ஸ்டேட் மட்டும் | எழுதத் தேவையில்லை | பட்டியல் மாறலாம் |

## எங்கள் மேஜையில் நடந்தது

மகளுக்கு அக்டோபரில் இருந்தது 1430. கணக்கு 770, ஆங்கிலம் 660. எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் கேட்டாள். பதினோரு கல்லூரியில் பர்டூவும் ஜார்ஜியா டெக்கும் கட்டாயம், அங்கே பேச்சே இல்லை. இரண்டு யு.சி. வளாகங்கள், அங்கேயும் பேச்சில்லை. மீதி ஏழுக்குத்தான் சண்டை. அப்பா "எல்லாத்துக்கும் அனுப்பு, 770 சும்மாவா?" என்றார். நான் ஆங்கிலத்தைப் பார்த்துப் பயந்தேன். அவள் ஒரு நோட்டை எடுத்து, ஏழு வரி போட்டு, ஒவ்வொன்றுக்கும் சி9 வரம்பு, அனுப்பியவர்களின் சதவீதம், கணக்குப் பகுதியின் தனி வரம்பு என்று மூன்று பத்தி எழுதினாள். மொத்தத்தில் கீழே இருந்தும் கணக்கில் நடுவுக்கு மேல் வந்த கல்லூரிகள் இரண்டு கிடைத்தன. அவற்றையும் சேர்த்து நான்குக்கு அனுப்பினாள், மூன்றுக்கு விட்டாள்.

நவம்பர்த் தேர்வுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தோம். முழு மனதோடு படிக்கவில்லை, ஆங்கிலப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள். வந்தது ஆங்கிலம் 710, கணக்கு 760. சூப்பர்ஸ்கோர் 1480. விட்ட மூன்றில் ஒன்றின் போர்ட்டலில், ஸ்கோரைப் பரிசீலிக்க வேண்டுமா என்ற கட்டத்தை விண்ணப்பித்த பிறகும் மாற்ற முடிந்தது. 'ஆம்' என்று மாற்றினாள். இரண்டாவதில் அந்த வசதி இல்லை. சேர்க்கை அலுவலகத்துக்குப் பெயர், விண்ணப்ப எண், "என் ஸ்கோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினாள், மறுநாள் காலையே சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது. ஆப்ஷனல் கல்லூரிகளில் இப்படி மாற்ற முடிகிறதா, எந்தத் தேதி வரை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பலருக்கு இது தெரிவதில்லை. மூன்றாவது கல்லூரியின் வரம்பு 1510-ல் ஆரம்பித்தது, கணக்கில் 790. அங்கே விட்டது விட்டதாகவே இருந்தது.